பூனைக்கும் வீசிங் வரும் – ஒரு நூறாண்டுக் கதை

பூனை இருமினால் பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "முடியை விழுங்கியிருக்கும், கக்கிவிடும்." பூனை உடம்பைத் தரையோடு ஒட்டிக் குந்திக்கொள்ளும். கழுத்தை முன்னால் நீட்டி நாலைந்து முறை 'ஹக் ஹக்' என்று இழுக்கும். கடைசியில் எதையோ விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போய்விடும். முடி உருண்டை எதுவும் வெளியே வந்திருக்காது. ஆனாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

உண்மையில் அந்த இருமல் பல சமயம் வயிற்றிலிருந்து வருவதில்லை, நுரையீரலிலிருந்து வருகிறது. மனிதர்களுக்கு வரும் ஆஸ்துமா போன்ற அதே வீசிங்தான். இது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்ஹேலர் சிகிச்சை பூனைகளிடம் பரவலாக வந்து சேர்ந்ததோ 2000ஐ ஒட்டித்தான். ஏன் இவ்வளவு தாமதம்? அதில் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது.

விலை உள்ள குதிரை, விலை இல்லாத பூனை

1872ல் கனடாவின் டொராண்டோ பகுதியில் குதிரைகளுக்கு ஒரு காய்ச்சல் பரவியது. இருமலும் சளியுமாகத் தொடங்கிய அது, சில வாரங்களில் அமெரிக்க நகரங்களை எட்டியது. டிராம் வண்டிகள் நின்றன, சரக்குகள் தேங்கின. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரில் பெரும் தீ பிடித்தபோது, தீயணைப்பு வண்டிகளை ஆட்களே கையால் இழுத்துப் போக வேண்டியிருந்தது. குதிரை இருமினால் ஊரே நின்றுவிடும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அன்றைய கால்நடை மருத்துவம் குதிரையையும் மாட்டையும் சுற்றியே வளர்ந்ததில் வியப்பில்லை. குதிரைக்கு விலை உண்டு, மாட்டால் வருமானம் உண்டு. பூனைக்கு? ஒன்று செத்தால் எலி பிடிக்க இன்னொன்று வந்துவிடும். முதலாளியின் சொத்துக் கணக்கில் ஏறாத ஜீவன் அது.

அப்படிப்பட்ட காலத்தில், 1906ல், ஹில் என்ற மருத்துவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் பூனைகளின் செரிமான, சுவாசக் கோளாறுகளைப் பற்றி எழுதினார். மூச்சுக்குழாயில் சளி சேர்வது, வீக்கம், திணறல், வீசிங் என்று இன்றைய பூனை ஆஸ்துமாவின் அடையாளங்கள் அதில் இருந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூனையின் அருகில் போனால் சில மனிதர்களுக்கு ஆஸ்துமா வருகிறது என்று இங்கிலாந்தின் ஹென்றி ஹைட் சால்டர் 1860ல் வெளியான தன் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அந்தப் பூனைக்கே ஆஸ்துமா வரும் என்று எழுத இன்னும் 46 வருடங்கள் ஆயின.

மருந்து வந்தது, பூனைக்கு எட்டவில்லை

ஹில் எழுதிய காலத்தில் மனிதர்களுக்கே சரியான மருந்து கிடையாது. 1948ல் அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கார்டிசோன் கொடுக்கப்பட்டபோது ஸ்டீராய்டு யுகம் தொடங்கியது. 1955ல் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம் ஆஸ்துமா இருந்த அவரது 13 வயது மகள், என் மருந்தையும் ஸ்ப்ரே டப்பாவில் அடைக்க முடியாதா என்று கேட்டாள். மறு வருடமே, 1956ல், அழுத்தினால் ஒரே அளவு மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969ல் சால்பியூட்டமால் வந்தது. 1972ல் இன்ஹேலர் வழியாகவே ஸ்டீராய்டும் வந்தது.

பூனைகளுக்குக் கிடைத்ததோ மாத்திரையும் ஊசியும்தான். அவை உயிரைக் காப்பாற்றின, மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்டீராய்டு உடம்பு முழுக்கப் போகும். வருடக்கணக்கில் கொடுத்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து உண்டு. நுரையீரலுக்கு மட்டும் மருந்து போனால் நல்லது. ஆனால், "மூச்சை நன்றாக இழு, பத்து விநாடி பிடித்துக்கொள்" என்று பூனையிடம் எப்படிச் சொல்வது?

பூனை வீட்டுக்குள் வந்தது

இதற்குள் மோட்டார் வண்டிகள் குதிரையை ஓரங்கட்டிவிட்டன. மருத்துவர்களின் கவனம் வீட்டுப் பிராணிகள் பக்கம் திரும்பியது. 1958ல் இங்கிலாந்தில் பூனைகளின் நலனுக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 1974ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூனை ஆரோக்கியத்துக்கென்றே தனி மையம் வந்தது. பூனை என்பது சிறிய நாய் அல்ல என்பது மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நோயைக் கண்டுபிடிப்பதும் லேசான காரியமல்ல. இந்த ஒரு பரிசோதனை போதும் என்று எதுவும் இன்றுவரை இல்லை. எக்ஸ்ரேயில் தடித்த மூச்சுக்குழாய்கள் சிறு வளையங்களாகவும் இணைகோடுகளாகவும் தெரியும். ஆனால் நோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும் பூனைகள் உண்டு. அதனால் மயக்கம் கொடுத்து, மூச்சுப்பாதையில் கொஞ்சம் உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுத்து, அதில் உள்ள செல்களை எண்ணுகிறார்கள். ஈசினோபில் அதிகம் என்றால் ஆஸ்துமா பக்கம், நியூட்ரோபில் அதிகம் என்றால் நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி பக்கம். அதற்கு முன் நுரையீரல் புழு, இதயப் புழு, தொற்று எல்லாம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவையும் இதே இருமலைத்தான் தரும்.

கடன் வாங்கியது எல்லாம் பொருந்தவில்லை

மனிதர்களின் மருந்தையே பூனைக்கும் கொடுத்தால் போதாதா? அங்கும் பூனை தனி வழிதான். பூனையின் மூச்சுக்குழாயை இறுக்குவதில் செரோடோனினுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 1990களில் தெரிய வந்தது. மனிதர்களுக்கு உதவும் சாஃபிர்லூகாஸ்ட் என்ற மாத்திரை, ஆய்வில் பூனைகளுக்குப் பலன் தரவில்லை. இத்தகைய ஆய்வுகளில் ஒவ்வாமையைத் தூண்டப் பயன்பட்டவற்றில் ஒன்று பெர்முடா புல். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான்!

மூச்சுப் பிரச்சினைக்கு விடை கைக்குழந்தைகளிடமிருந்து வந்தது. குழந்தைக்கும் மூச்சைப் பிடிக்கத் தெரியாது. அதற்காகவே ஸ்பேசர் என்ற குழாயும் முகமூடியும் இருந்தன. மருந்தைக் குழாய்க்குள் அடித்துவிட்டு முகமூடியை வைத்தால், குழந்தை சாதாரணமாக மூச்சுவிடும்போதே மருந்து உள்ளே போகும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப் பாட்ரிட் போன்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பூனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவின் ட்ரூடெல் நிறுவனம் பூனை முகத்துக்கு ஏற்ற முகமூடியோடு ஏரோகேட் என்ற ஸ்பேசரைச் செய்தது. பூனை ஏழெட்டு முறை மூச்சு இழுத்தால் போதும். மகளின் கேள்விக்கு ஒரே வருடத்தில் விடை கிடைத்தது. பூனைக்கு அதே விடை வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. கேட்க வாய் இல்லாததும், கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததும்தான் காரணம்.

இன்றும் இதற்கு முழு குணம் கிடையாது, கட்டுப்பாடுதான். இன்ஹேலர் ஸ்டீராய்டு முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். ஊதுபத்தி, கொசுவத்தி, சிகரெட் புகை மூன்றும் இந்தப் பூனைகளுக்கு எதிரிகள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரி மேசையில் ஏறியதும் பூனை இருமுவதை நிறுத்திவிடும். அதனால் வீட்டில் குந்தி இருமும்போது செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். "முடி உருண்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போவதற்குள் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கலாம்.