கட்டணமில்லா வாயில்கள்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் பயணிக்குத் தங்குமிடமும் உணவும் போக்குவரத்தும் பெருஞ்செலவாகவே அமைகின்றன. ஆயினும், அந்நகரின் தேசிய அருங்காட்சியகங்களிலுள்ள நிலையான காட்சிக்கூடங்களைக் காண ஒரு காசும் தர வேண்டியதில்லை. வக்ஃபு என்னும் அறக்கொடையால் நூலகங்களையும் மருத்துவமனைகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்த பண்பாட்டின் வழிவந்த நமக்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றுவதில்லை. எனினும், அது எவ்வாறு வந்தது, யார் கொடுத்த விலையில் வந்தது என்பதை அறிந்து உட்புகுவது நன்று.

ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் சேர்த்து வைத்த 71,000க்கும் மேற்பட்ட பொருட்களை, அவர் மறைந்த 1753ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அவருடைய வாரிசுகளுக்கு 20,000 பவுன் அளித்துப் பெற்றது. அதற்கான நிதி பரிசுச்சீட்டின் வழியே திரட்டப்பட்டது. இவ்வாறு பிறந்த பிரித்தானிய அருங்காட்சியகம் 1759 ஜனவரி 15 அன்று கட்டணமின்றித் திறக்கப்பட்டது. ஆனால், முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றவரே தொடக்கத்தில் உள்ளே செல்ல முடிந்தது. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து அவருடைய மனைவி வழியே வந்தது என்பதையும் வரலாறு பதிவு செய்துள்ளது.

இலவச அனுமதி தடையின்றித் தொடர்ந்ததும் இல்லை. 1974 ஜனவரியில் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் சில மாதங்களில் கைவிடப்பட்டது. 1980களில் அது மீண்டும் தலைகாட்டியது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985இல் நன்கொடை கேட்கத் தொடங்கி, 1996இல் கட்டாயக் கட்டணம் விதித்தது. கட்டணம் வாங்காத அருங்காட்சியகங்களும் தாம் செலுத்திய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்று 2001இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கதவுகள் மீண்டும் இலவசமாகத் திறந்தன. இன்று நாம் இயல்பென எண்ணி நுழையும் வாயில், இவ்வாறு அரசியல் வழக்காட்டில் இழக்கப்பட்டு மீட்கப்பட்டதாகும்.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1857இல் தென் கென்சிங்டனில் தொடங்கியது. பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளர் மாலையில் வந்து காணும் பொருட்டு அங்கே எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அதன் சேகரிப்பிலுள்ள இரு பொருட்கள் நம் கருத்துக்குரியவை.

முதலாவது அர்தபீல் கம்பளம். ஈரானின் அர்தபீல் நகரிலுள்ள ஷைகு ஸஃபியுத்தீன் அடக்கத்தலத்துக்குரிய இக்கம்பளத்தில் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என்னும் ஆண்டும் மக்ஸூத் காஷானி என்னும் பெயரும் நெய்யப்பட்டுள்ளன. கலைஞர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையால் 1893இல் 2,000 பவுனுக்கு இது வாங்கப்பட்டது. இதனைச் செப்பனிட, இதன் இணைக் கம்பளத்தின் பகுதிகள் வெட்டியெடுக்கப்பட்டன. குறைபட்ட அவ்விணை இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ளது.

இரண்டாவது திப்பு சுல்தானின் மரப்புலி. ஐரோப்பியன் ஒருவனைப் புலி கவ்விக் கிடக்க, கைப்பிடியைச் சுழற்றினால் புலியின் உறுமலும் அவனுடைய ஓலமும் எழும்படி அமைந்தது இது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு களத்தில் உயிர் நீத்தபின் இது கொள்ளைப் பொருளாயிற்று. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் மாளிகையில் வெற்றிச் சின்னமாக வைக்கப்பட்டுப் பின்னர் தென் கென்சிங்டன் வந்து சேர்ந்தது.

இவ்வரலாறு தமிழ்நாட்டுக்குத் தொலைவானதன்று. ஜெனரல் ஹாரிஸின் படை 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்தே மைசூர் நோக்கிப் புறப்பட்டது. சுல்தானின் மக்கள் அதே வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். சுல்தான் குடும்பத்தாரின் கல்லறைகள் இன்றும் வேலூரில் உள்ளன.

ஆகவே, விலைக்கு வாங்கியதும் வாளால் கவர்ந்ததும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்துள்ளன. இரண்டையும் காணக் கட்டணமில்லை. ஆனால் வேலூரிலோ ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ வாழும் ஒருவருக்கு, விசாவும் விமானச் சீட்டும் இல்லாமல் அந்த இலவச வாயிலை எட்ட இயலாது. சேகரிப்பிலுள்ள பொருளைத் திருப்பித் தருவதற்கும் சட்டம் இறுகிய தடை விதிக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தை 1963ஆம் ஆண்டுச் சட்டமும், விக்டோரியா ஆல்பர்ட்டை 1983ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன.

இதனால் அக்கூடங்களைப் புறக்கணிக்க வேண்டுமென்பதில்லை. முன்னோரின் கைத்திறனை நாம் கண்டறிவதற்கு அவை அரிய வாய்ப்புகளே. அங்குச் செல்வோர் தம் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லட்டும். பொருளின் அழகைக் கண்டபின், அதனருகே உள்ள குறிப்பில் அது எவ்வாண்டு, எவ்வழியில், யாரிடமிருந்து வந்தது என்னும் இறுதி வரியையும் அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.