தாத்தா, மகன், பேரன்: ஒரு டென்னிஸ் குடும்பத்தின் வரலாறு



பரிசளிப்பு விழா மலரில் டென்னிஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். "அது துரைமாரு ஆட்டம். நமக்கும் அதுக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ரப்பர் காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் இருந்த தோட்டங்கள் பலவற்றில், கிளப்புக்குப் பக்கத்தில் வலை கட்டிய டென்னிஸ் கோர்ட்டு ஒன்று இருக்கும். புல் வெட்டியது நம் ஆட்கள். சுண்ணாம்புக் கோடு போட்டது நம் ஆட்கள். வேலியைத் தாண்டிப் போன பந்தை ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்ததும் நம் பிள்ளைகள்தான். மட்டையைப் பிடித்த கை மட்டும் வேறு.

ஆனால் அதே ஆட்டத்தில், வெள்ளைக்காரனுடைய ஊரிலேயே, அவனுடைய புல்தரையிலேயே போய் நின்று வென்று வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக மட்டை பிடித்த குடும்பம். அந்த வரலாறு இன்று பரிசு வாங்கும் பிள்ளைக்கும் வேண்டும். வாங்காமல் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கோ அதைவிட அதிகமாக வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தாவின் பெயர் டி. கே. ராமநாதன். அவர் தாமே நல்ல ஆட்டக்காரர். அவருடைய மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டில் பிறந்தார். மகனுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் தந்தையேதான். பள்ளியில் படிக்கும்போதே, சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கென்று நடந்த பெர்ட்ரம் போட்டியில் தனி அனுமதி வாங்கி ஆடி, தம்மைவிட மூத்தவர்களை வென்று காட்டினார் கிருஷ்ணன்.

லண்டன் நகரத்து விம்பிள்டன் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டென்னிஸ் உலகில் அதற்கு மேல் பெருமை கிடையாது. அங்கே சிறுவர்களுக்கும் தனிப் போட்டி உண்டு. 1953-ஆம் ஆண்டில் கிருஷ்ணன் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்தார். இங்கிலாந்துக்காரரான பில்லி நைட் என்பவரிடம் தோற்றார். கோப்பை கை நழுவிப் போயிற்று. "சரி, நமக்கு இவ்வளவுதான்" என்று அவர் உட்கார்ந்து விடவில்லை. மறு ஆண்டு, 1954-இல், மீண்டும் போனார். ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை இறுதி ஆட்டத்தில் வென்று பட்டத்தைப் பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிள்ளை அவரே. அன்று தோற்ற கூப்பர் யார் தெரியுமா? 1958-இல் பெரியவர்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே வென்றவர்!

மாணவர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். கிருஷ்ணன் பலசாலி அல்லர். பந்தைப் பேய் அடி அடிக்கிறவரும் அல்லர். அவருடைய பலம் கணக்கில் இருந்தது. எதிராளி இடது பக்கம் நின்றால் பந்து வலது ஓரத்தில் விழும். பின்னால் நின்றால் வலைக்குப் பக்கத்தில் மெதுவாக வந்து விழும். பால் மரம் சீவுகிற அம்மாமாரைப் பாருங்கள். பலத்தைக் காட்டி வெட்டினால் மரத்துக்குக் காயம். கத்தியைப் பதமாக விட்டால் பால். அந்தப் பதம்தான் கிருஷ்ணனின் ஆட்டம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சும்மா வந்த பழமொழியா?

1959-இல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர், பணத்துக்கு ஆடும் குழு ஒன்றை நடத்தி வந்தார். தம்மிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆடினால் 1,50,000 டாலர் தருவதாகக் கிருஷ்ணனைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை! ஆனால் பணத்துக்கு ஆடப் போனவர் விம்பிள்டனில் ஆட முடியாது. நாட்டுக்காக டேவிஸ் கோப்பையிலும் ஆட முடியாது. விம்பிள்டன் அப்படிப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்ததே 1968-இல்தான். கிருஷ்ணன் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஆண்டே, 1960-இல், விம்பிள்டனில் அரை இறுதி ஆட்டம் வரை சென்றார். நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961-இல் ராய் எமர்சனை வென்று மறுபடியும் அரை இறுதிக்குச் சென்றார். இந்தத் தடவை ராட் லேவரிடம் தோற்றார். இரண்டு தடவையும் அவரைத் தோற்கடித்தவர்தான் அவ்வாண்டின் சாம்பியன். 1962-இல் நல்ல நிலையில் போனவர், கணுக்காலில் அடிபட்டு நடுவிலேயே விலக நேர்ந்தது. விம்பிள்டன் பெரிய கோப்பை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஆனால் இந்திய அரசு 1961-இல் அர்ஜுனா விருதும், 1962-இல் பத்மஸ்ரீயும், 1967-இல் பத்மபூஷணும் தந்து அவரைச் சிறப்பித்தது.

அவருடைய பெயரை என்றும் நிலைக்க வைத்த ஆட்டம் 1966-இல் கல்கத்தாவில் நடந்தது. டேவிஸ் கோப்பை என்பது நாட்டுக்கு நாடு மோதும் போட்டி. அந்தக் காலத்தில் மொத்தம் ஐந்து ஆட்டம். மூன்றை வெல்லும் நாடு ஜெயித்தது. அன்று இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் மோதல். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசி ஆட்டம் கிருஷ்ணன் தலையில் விழுந்தது. எதிராளி தாமஸ் கோச். மூன்று செட்டில் இரண்டை கோச் வென்றுவிட்டார். நான்காவது செட்டிலும் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் கதை முடிந்தது. "அவ்வளவுதான், போச்சு" என்று யாரும் நினைப்பார்கள், இல்லையா? கிருஷ்ணன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பந்தாக, ஒவ்வொரு கேமாக மீட்டார். நான்காவது செட் அவருக்கு. ஐந்தாவது செட்டும் அவருக்கு! இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போயிற்று. மெல்பர்ன் நகரில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது உண்மை. அந்த ஒரு வெற்றியையும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் நியூகோம், ரோச் என்ற புகழ்பெற்ற ஜோடியை வீழ்த்திப் பெற்றார்கள்.

இனி பேரனுக்கு வருவோம். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1961-இல் சென்னையில் பிறந்தவர். தாத்தாவும் தந்தையும் சேர்ந்து பழக்கிய பிள்ளை. தந்தை பட்டம் வென்று சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை ரமேஷும் வென்றார்! அவருக்கும் தந்தையைப் போலவே பதமான கைதான், முரட்டு அடி கிடையாது. 1986-இல் விம்பிள்டனில் கால் இறுதிக்குச் சென்றார். 1989-இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகத்தின் முதல் ஆட்டக்காரராக இருந்த சுவீடனின் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார்.

தந்தைக்கு வந்த அதே நிலைமை மகனுக்கும் வந்ததுதான் பெரிய விந்தை. 1987-இல் சிட்னி நகரில் டேவிஸ் கோப்பை அரை இறுதிப் போட்டி. எதிரே ஆஸ்திரேலியா. அங்கேயும் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் ரமேஷ் தலையில். அவர் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனார். தந்தை 1966-இல் செய்ததை மகன் 1987-இல் செய்தார். பிறகு சுவீடனிடம் தோல்விதான். ஆனாலும், பார்த்தீங்களா, அந்தக் குடும்பத்துக்குக் கடைசிப் பந்து வரை நின்று ஆடும் பழக்கம் எப்படிக் கைமாறி வந்திருக்கிறது!

அந்த 1987-ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்து ஆடியவரும் சென்னைக்காரர்தான்: விஜய் அமிர்தராஜ். அவர் கதையில் தாயாருக்குப் பெரிய இடம் உண்டு. சிறு வயதில் நுரையீரல் நோயால் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்த பிள்ளை அவர். தாயார் மேகி அமிர்தராஜ் அட்டைப்பெட்டி செய்யும் தொழிலை நடத்திக்கொண்டே, ஆனந்த், விஜய், அசோக் என்ற மூன்று மகன்களையும் டென்னிஸில் உருவாக்கினார். மூச்சு வாங்கிய அந்தப் பிள்ளை 1973-இல் அமெரிக்கப் போட்டியில் ராட் லேவரையும், 1974-இல் அதே போட்டியில் பியோர்ன் போர்கையும் வென்றது. 2024-இல் அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜய் சேர்க்கப்பட்டார்.

1974-ஐப் பற்றி இன்னொரு சொல். அவ்வாண்டும் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே அப்போது கறுப்பு மக்களையும், நம்மைப் போல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர் பரம்பரையையும் நிறத்தின் பேரால் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. ஆட்டக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! ஆனாலும் பரிசைவிட மானம் பெரிது என்று காட்டிய ஆண்டு அது.

பெண் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருவர் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், தந்தையிடம் ஆட்டம் பழகியவர். 1998-இல் ஆஸ்திரேலியப் போட்டியின் முதல் சுற்றில் வென்றார். 1968-க்குப் பின், உலகின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றின் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

பெற்றோர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர்கள் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள் அல்லர். மட்டை வாங்கவும் பந்து வாங்கவும் கையில் காசு இருந்தவர்கள். ஆனால் சென்னையில் மட்டை வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனையோ இருந்தன. ராமநாதன் மட்டையோடு நிறுத்தவில்லை. தம் நேரத்தையும் கொடுத்தார். மேகி அம்மா தொழிலையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலும் நின்றார். காசு இல்லாத வீட்டிலும் அந்த நேரம் உண்டு. வேலை முடிந்து களைத்து வரும் அப்பா, பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னா படிச்சே, சொல்லு" என்று கேட்டால் போதும். எழுத்துத் தெரியாத தாயும் அதைக் கேட்கலாம்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு போய் வாங்கிக்கொள். கூப்பிடவில்லையென்றால் தலை குனியாதே. 1953-இல் வெறுங்கையோடு திரும்பிய ஒரு தமிழ்ப் பிள்ளை, 1954-இல் அதே இடத்துக்குப் போய்க் கோப்பையோடு வந்தான். அடுத்த ஆண்டும் இந்த மேடை இங்கேதான் இருக்கும்.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!