பாட்டில் மாறிய கதை

2002 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிகார்ட்டே குழு. ராத்திரி பார்ட்டிக்குப் போகிறவர் எடுக்கிற மாதிரியே, மூன்று மணி நேர இடைவெளியில் மூன்று டோஸ் எக்ஸ்டஸியைக் குரங்குகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பத்தில் இரண்டு செத்துப்போயின. மற்றவற்றின் மூளையில் டோபமைன் நரம்பு முனைகள் பெருமளவு அழிந்திருந்தன. டோபமைன் குறைந்தால் வருவது பார்க்கின்சன். ஒரே ஒரு ராத்திரி போதும், பின்னாளில் கை நடுங்கும் என்று செய்தி பரவியது.

அப்பவே சிலருக்கு இடித்தது. லட்சக்கணக்கானவர்கள் விழுங்குகிற மாத்திரை. ஐந்தில் ஒருவர் சாவார் என்றால் கிளப் வாசலில் பிணம் குவிந்திருக்க வேண்டாமா? ஆனால் அமெரிக்க காங்கிரஸில் அந்தச் சமயம், இந்தப் பார்ட்டிகளுக்கு இடம் கொடுப்பவர்களையும் தண்டிக்கும் மசோதா ஒன்று இருந்தது. 2003 ஏப்ரலில் அது சட்டமாகிவிட்டது.

ரிகார்ட்டே குழுவே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தது. டோபமைன் சேதம் வரவில்லை. டோஸை மாற்றினார்கள், அப்போதும் இல்லை. கடைசியில் பாட்டில்களிடம் வந்தார்கள். எக்ஸ்டஸியும் மெத்தாம்ஃபெட்டமைனும் ஒரே நாளில் வந்து சேர்ந்தவை, லேபிள் மாறியிருந்தது. செத்த விலங்குகளின் உறையவைத்த மூளையில் இருந்தது மெத்தாம்ஃபெட்டமைன்தான். 2003 செப்டம்பரில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். (வேரியபிளுக்குத் தப்பான பேர் வைத்துவிட்டு, மூன்று நாள் வேறெங்கோ பக் தேடியவன் நான். சிரிக்க எனக்கு அருகதை இல்லை.)

இந்தக் கதையை எக்ஸ்டஸிக்கு நற்சான்றிதழாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. எக்ஸ்டஸி செரட்டோனின் நரம்பு முனைகளைச் சிதைப்பதை விலங்குச் சோதனைகள் முன்பே காட்டியிருந்தன. மனிதர்கள் எடுக்கும் அளவில் அது எவ்வளவு என்பதில்தான் சண்டை. அதோடு, அந்தக் குரங்குகளின் மூளை நிஜமாகவே அழிந்தது. பெயர்தான் தப்பு. மெத்தாம்ஃபெட்டமைன் நரம்பு முனைக்குள் புகுந்து, பத்திரமாகப் பைகளில் அடைபட்டிருக்கும் டோபமைனை வெளியே கொட்டவைக்கிறது. பைக்கு வெளியே டோபமைன் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து நச்சாகிறது. தன்னை உண்டாக்கிய முனையையே அரிக்கிறது. பல சமயம் செல்லின் உடல் பிழைத்துக்கொள்ளும், கிளைகள்தான் கருகிப்போகும்.

கிளை திரும்பத் துளிர்க்குமா? 2001இல் நோரா வோல்கோ குழு, மெத்தாம்ஃபெட்டமைனை விட்டு ஒரு வருடத்துக்கு மேலான ஐந்து பேரின் மூளையை மறுபடி ஸ்கேன் செய்தது. டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதங்களின் அளவு ஏறியிருந்தது. நினைவாற்றல் சோதனை மதிப்பெண்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை.