தபாலில் வந்த தாளம்

ஸ்கா என்ற சொல்லை நம் நேயர்களில் மிகப் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அது ஜமைக்காத் தீவில் பிறந்த ஒருவகை ஆட்ட இசை. பிழைப்புத் தேடிப் பிறந்த மண்ணை விட்டுச் சென்ற மக்களின் பின்னாலேயே அதுவும் கடல் கடந்து சென்றது. பெரிய கம்பெனிகள் அதைப் பொருட்படுத்தாத காலங்களில், தபால் மூலமாகவும், வீடு வீடாகச் சென்று விற்றவர்கள் மூலமாகவும், ரசிகர்கள் தாங்களே தட்டச்சு அடித்துத் தைத்த சிற்றேடுகள் மூலமாகவும் அது உயிர் வாழ்ந்தது. அந்த வரலாற்றையே நாம் இங்குச் சொல்லப் புகுகிறோம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் இருந்துகொண்டு, சென்னையிலிருந்து வரவேண்டிய வாரப் பத்திரிகைக்காகத் தபால்காரரின் வரவை எதிர்நோக்கியிருந்த அனுபவம் உடையவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான கதையாகத் தோன்றாது.

முதலில் ஜமைக்காவைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1838ஆம் ஆண்டில் அடிமைத்தளை முற்றிலும் நீங்கியபின், கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினர். 1845ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற்கப்பல் அத்தீவின் ஓல்டு ஹார்பர் துறையில் வந்து நின்றது. அதுமுதல் முதலாம் உலகப்போர் வரையில் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 36,000 இந்தியர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திற் கப்பல் ஏறியவர்கள். தொடக்க ஆண்டுகளில் சென்னையிலிருந்து சென்றவர்களும் உண்டு. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, அத்தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஏழை மக்களின் பொழுதுபோக்கு, தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து அமெரிக்க இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடுவது. ஸவுண்ட் ஸிஸ்டம் என்று இதற்குப் பெயர். இதை நடத்தியவர்களுள் ட்யூக் ரீட் முன்னாட் போலீஸ்காரர், மதுக்கடை வைத்திருந்தார். அவருக்குப் போட்டியாளர் காக்ஸன் டாட். இவர்களுக்குள் நடந்த போட்டியைப் போன்ற ஒன்றை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. அமெரிக்காவிலிருந்து அரிதிற் பெற்ற தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டிலே பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் இருக்குமல்லவா? எதிரி பார்த்துத் தானும் அதை வாங்கிவிடக் கூடாதென்று அந்தப் பெயர்களைச் சுரண்டி அழித்துவிடுவார்கள்! டாட் தமது முத்திரைப் பாட்டாக வைத்துக்கொண்ட அமெரிக்கத் தட்டுக்குத் தம் பெயரையே சூட்டி 'காக்ஸன் ஹாப்' என்று வழங்கினார். அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கப் போட்டியாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பெயரை அழிக்கும் இந்தப் பழக்கம் பின்னால் உள்ளூர்க் கலைஞர்களின் வாழ்விலும் வந்து விழுந்தது.

1950களின் இறுதியில் அமெரிக்கத் தட்டுகளின் போக்கு மாறவே, இவர்கள் உள்ளூர் வித்துவான்களைக் கொண்டு தாங்களே இசைத்தட்டுகள் தயாரிக்கத் தொடங்கினர். அவ்வாறு பிறந்ததே ஸ்கா. நம் சங்கீதக்காரர்களுக்கு அதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம். தட்டு விழும் இடத்தில் எடுக்காமல், அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உண்டல்லவா? ஸ்காவில் கிதாரும் பியானோவும் பாட்டு முழுவதும், ஒவ்வொரு தட்டுக்கும் அரை இடம் தள்ளியே வெட்டி வெட்டி ஒலிக்கும். கேட்பவரின் கால் அந்த இடைவெளியை நிரப்பத் தானே எழும். கன்னிமார் நடத்திய ஆல்பா பள்ளியில் ஏழைச் சிறுவர்கள் எக்காளமும் ட்ராம்போனும் பயின்று வந்தனர். அங்கிருந்து வந்த டான் டிரம்மண்ட், டாமி மக்கூக் முதலியோர் 1964ஆம் ஆண்டில் ஸ்கடலைட்ஸ் என்ற குழுவாக அமைந்தனர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ஜமைக்கா சுதந்தரம் அடைந்தது. அந்த எழுச்சிக் காலத்தின் இசை இதுவே. குழுவோ ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நிலைத்தது.

இனி லண்டனுக்குச் செல்வோம். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறையில் கரீபியத் தீவினரை இறக்கியது முதலாக, ஆயிரமாயிரம் ஜமைக்கர் இங்கிலாந்தில் குடியேறினர். பஸ் ஓட்டினர், மருத்துவமனையிற் பணிபுரிந்தனர். பொதுக் கடைகளில் அவர்களுடைய இசைத்தட்டு கிடைக்காது, வானொலியிலும் அரிது. 1960இல் 'புளூ பீட்' என்ற முத்திரையில் ஜமைக்கத் தட்டுகள் வெளிவரலாயின. இங்கிலாந்தில் அந்த இசைக்கே சில காலம் அதுவே பெயராயிற்று. கிறிஸ் பிளாக்வெல் என்பவர் தம் ஐலண்டு கம்பெனியை 1962இல் ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு மாற்றி, சிறு மோட்டார் வண்டியின் பின்புறத்தில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடைகடையாகச் சென்று விற்றார். 1964இல் அவர் தயாரித்த, மில்லி ஸ்மால் என்ற இளம்பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இந்த இடத்தில்தான் நமது கதைக்குரிய மனிதர் வருகிறார். அவர் பெயர் லீ கோப்தால். ஜமைக்காவில் பிறந்தவர், இந்திய வமிசத்தவர். நாம் முன்னே குறித்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் வரலாற்றோடு சேர்ந்தது அவர் சமூகத்தின் கதை. லண்டனுக்கு வந்து கணக்காளராகத் தேர்ச்சி பெற்றார். கில்பர்ன் பகுதியில் கேம்பிரிட்ஜ் ரோட்டில் அவருக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதன் நிலவறையில் 1962இல் சன்னி ராபர்ட்ஸ் என்ற ஜமைக்கர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். பின்னர் ஐலண்டு கம்பெனியும் அங்கேயே வாடகைக்கு வந்தது. வாடகை வாங்க வந்த கணக்காளர், குடியிருப்போரின் வியாபாரத்தைக் கண்ணால் அளந்து பார்த்திருக்க வேண்டும். இந்தத் தட்டுகளை விரும்புகிறவர்கள் நகரெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வருவதற்கு இல்லை. ஆகவே கடை அவர்களிடம் போக வேண்டும் என்பதை உணர்ந்தார். தபால் மூலம் ஜமைக்க இசைத்தட்டு விற்கும் தொழிலை அவர் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று விற்கவும் ஆட்களை அமர்த்தினார். அதன்பின் கடைகள் வந்தன. 1968இல் அவரும் பிளாக்வெல்லும் கூட்டாக நிறுவியதே ட்ரோஜன் இசைத்தட்டுக் கம்பெனி. முன்சொன்ன ட்யூக் ரீட் தம் ஒலிபெருக்கிகளை 'ட்ரோஜன்' என்ற பெயருடைய லாரியில் ஏற்றிச் சென்றதால் மக்கள் அவரை அப்பெயரால் அழைத்தனர். அதுவே கம்பெனியின் பெயராயிற்று. பண்டைக் கிரேக்க வீரனின் தலைச்சீரா அதன் முத்திரை.

அதற்குள் ஸ்கா வேகம் தணிந்து, ராக்ஸ்டெடி என்றும் ரெக்கே என்றும் உருமாறியிருந்தது. ட்ரோஜன் விற்றது பெரும்பாலும் அவற்றையே. மலிவு விலையில் 'டைட்டன் அப்' என்ற தொகுப்புத் தட்டுகளை 1969 முதல் வெளியிட்டனர். 1971இல் 'டபுள் பாரல்', 1974இல் கென் பூத் பாடிய 'எவ்ரிதிங் ஐ ஓன்' ஆகியவை முதலிடம் பெற்றன. இவ்வளவு வெற்றியும் நிலைக்கவில்லை. 1972இல் பிளாக்வெல் பிரிந்து சென்றார். 1975இல் கம்பெனி நொடித்துக் கைமாறியது.

ட்ரோஜன் தட்டுகளை வாங்கியவர் ஜமைக்கர் மட்டுமல்லர். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு கனத்த பூட்ஸ் அணிந்து திரிந்த ஆங்கிலத் தொழிலாளர் வீட்டு இளைஞர் கூட்டமும் அவற்றை ஆவலோடு வாங்கியது. ஸ்கின்ஹெட் என்று அவர்களைச் சொல்வர். அவர்களிற் சிலர்தாம் 1969, 1970ஆம் ஆண்டுகளில் லண்டன் தெருக்களில் இந்தியரையும் பாகிஸ்தானியரையும் தேடித் தேடி அடித்தவர்கள். சனிக்கிழமை மாலை நடனத்துக்கு அவர்கள் காசு கொடுத்து வாங்கிய தட்டு, இந்திய வமிசத்தவர் ஒருவரின் கம்பெனியிலிருந்து வந்தது! இதைக் காட்டிலும் கசப்பான முரண்பாட்டை நாம் கற்பனையிற்கூடப் படைக்க இயலாது. அவர்களிற் பெரும்பாலோர் அதை அறிந்திருக்கவும் மாட்டார்கள். தட்டின் நடுச்சீட்டில் முதலாளியின் வமிசம் அச்சிடப்படுவதில்லை.

1979இல் காவென்ட்ரி நகரில் ஸ்கா மறுபடியும் எழுந்தது. அதை எழுப்பிய ஜெர்ரி டாமர்ஸ் பிறந்த ஊர் நமது உதகமண்டலம். கிறிஸ்தவ குருவின் மகனாக 1955இல் அங்கே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குச் சென்றவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று வாசிக்கும் 'ஸ்பெஷல்ஸ்' குழுவை நடத்தி, 'டூ டோன்' என்ற முத்திரையை அவர் தொடங்கினார். கறுப்பும் வெள்ளையுமான சதுரக் கட்டமே அதன் அடையாளம். வெறியர் கட்சிகள் ஸ்கின்ஹெட் இளைஞரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தச் சதுரங்கள் ஓர் அரசியல் அறிக்கையே ஆகும். அவ்வலை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்தது.

அலை ஓய்ந்தபின் கரையில் நின்றவர்கள் செய்த வேலைதான் நம் கதையின் மையம். பெரிய பத்திரிகைகள் ஸ்காவை மறந்தன. ஊருக்கு நால்வர் ஐவராகச் சிதறிக் கிடந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் எப்படி அறிவது? அவர்களுக்கு வழிகாட்டியது ஃபான்ஸீன் என்னும் ரசிகர் ஏடு. 1940இல் அமெரிக்க விஞ்ஞானக் கதை ரசிகர் ஒருவர் புனைந்த சொல் அது. 1976ஆம் ஆண்டு ஜூலையில் மார்க் பெர்ரி என்ற லண்டன் வங்கி எழுத்தர் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் இசை ஏட்டைத் தட்டச்சும் தடித்த பேனாவும் கொண்டு எழுதி, நகலெடுத்து வெளியிட்டபின், இசை ரசிகர் எவரும் பத்திராதிபர் ஆகலாம் என்ற துணிவு பரவிற்று. ஸ்கா ரசிகர்களும் அவ்வழியே புறப்பட்டனர். ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் மார்ஷல் 1980களில் 'ஜூட்' என்ற ஏட்டை நடத்தினார். அதிலிருந்து வளர்ந்த அவரது சிறு பதிப்பகம் 1990இல் டூ டோன் வரலாற்றையும், 1991இல் ஸ்கின்ஹெட் வரலாற்றையும் நூலாக வெளியிட்டது.

இத்தகைய ஏடுகளின் அமைப்பு எளிது. நாலைந்து தாள், நடுவே மடித்து இரண்டு கம்பித் தையல். பேட்டி ஒன்று, கச்சேரிக் குறிப்புகள், புதுத்தட்டு விமரிசனம், வாசகர் கடிதம். கடைசிப் பக்கம் விலைப்பட்டியல். அந்தக் கடைசிப் பக்கமே ஏட்டுக்கு உயிர் என்று நாம் கருதுகிறோம். ஏட்டை விற்று அச்சுக்கூலி கட்டாது. பத்துப் பிரதி தட்டுகளை வாங்கிவைத்துத் தபாலில் விற்றால், அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கலாம். பட்டியல் வேண்டுவோர் தம் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை அனுப்புவர். அயல்நாட்டினர் சர்வதேச மறுமொழிக் கூப்பனை வைப்பர். எந்நாட்டுத் தபாலாபீசிலும் தலைகளாக மாற்றத்தக்க அச்சீட்டு 1907 முதல் வழக்கில் இருந்தது. பணம் போஸ்டல் ஆர்டராக வரும். சில வேளை கரித்தாளில் சுற்றிய நோட்டாகவும் வரும். தட்டு வளையாதிருக்க இருபுறமும் கெட்டி அட்டை வைத்து, விளிம்பு நசுங்காமல் கட்டி அனுப்புவது ஒரு தனிக்கலை.

மற்றொரு பணியையும் அந்த ஏடுகள் செய்தன. சுரண்டப்பட்ட பெயர்களை அவை மீட்டன. எந்தத் தட்டில் யார் வாசித்தார், எந்த ஆண்டு, எந்தக் கூடம் என்று, தட்டின் நடுச்சீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் கீறிய எண்களை வைத்துக்கொண்டு பட்டியல் போட்டனர். தவறுகள் மலிந்தே இருந்தன. அடுத்த இதழில் யாராவது ஒருவர் சினத்தோடு திருத்துவார். உரிய ஊதியம் பெறாமல் மறைந்து கிடந்த முதிய கலைஞர்களுக்கு இது பயன் தந்தது. ஸ்கடலைட்ஸ் குழுவினர் 1983இல் மீண்டும் கூடினர். வெளிநாடுகளில் அவர்கள் வாசித்த அரங்குகளில், அவர்கள் பெயரை ஏடுகளிற் படித்தறிந்த இளைஞர்கள் நின்றனர். ஏடுகளிற் பல நிறவெறியை வெளிப்படையாகவே எதிர்த்தன. 1987ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் தோன்றிய நிறவெறி எதிர்ப்பு ஸ்கின்ஹெட் இயக்கம் இங்கிலாந்துக்குப் பரவியபோது, அது மார்பில் அணிந்த சின்னம் எது தெரியுமா? கோப்தாலின் ட்ரோஜன் தலைச்சீரா!

அதே நியூயார்க்கில்தான் இவ்வகைத் தபால் வியாபாரம் உச்சத்தை எட்டியது. ராபர்ட் ஹிங்லி என்ற ஆங்கிலேயர் 1980இல் சித்திரக்கதைப் புத்தகக் கடை ஒன்றின் வேலையாக அங்குச் சென்றார். 1981இல் 'டோஸ்டர்ஸ்' என்ற ஸ்காக் குழுவை அமைத்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் இதைச் சர்க்கஸ் வாத்தியம் என்று தள்ளிவிட்டார்களாம். ஆகவே 1983இல் 'மூன்' என்ற சொந்த முத்திரையில் தட்டு வெளியிட்டார். முதலில் தம் குழுவின் தட்டு. பிறகு நாடெங்குமுள்ள குழுக்களின் தட்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே தபால் பட்டியல். சிறு ஊரில் இருக்கும் மாணவனுக்கு அந்தப் பட்டியலே கடை, அதுவே பத்திரிகை, அதுவே வழிகாட்டி. அமெரிக்கத் தபால் இலாகாவில் புத்தகத்துக்குரிய மலிவுக் கட்டணம் இசைத்தட்டுக்கும் பொருந்தியது. அந்தச் சலுகையும் இத்தகைய தொழிலுக்குத் துணை நின்றது. 1990களில் மன்ஹாட்டன் கிழக்குப் பத்தாம் தெருவில் ஸ்காத் தட்டுகளுக்கென்றே ஒரு கடையும் திறக்கப்பட்டது.

1997 வாக்கில் அமெரிக்க வானொலிகளில் ஸ்காக் கலந்த ராக் இசை பெரும் மோஸ்தராயிற்று. அதுவே வினையாயிற்று என்போம். தபாலில் விற்ற தட்டு திரும்பி வராது. பணம் முன்னமே வந்துவிடும். பெரிய கடைகளுக்கு மொத்த வியாபாரி மூலம் அனுப்பிய சரக்கோ, மோஸ்தர் மாறியதும் பெட்டி பெட்டியாகத் திரும்பிவரும்; மொத்த வியாபாரி திவாலானால் பாக்கியும் போயிற்று. 2000ஆம் ஆண்டில் மூன் கம்பெனி மூடப்பட்டது. ஹிங்லி சில ஆண்டுகளுக்குள் 'மெகாலித்' என்ற வேறொரு சிறு முத்திரையைத் தொடங்கி, மறுபடியும் தட்டுகளை வெளியிடலானார். லீ கோப்தால் 1997இலேயே காலமாகிவிட்டார். ட்ரோஜன் முத்திரை பல கைகள் மாறியபோதிலும் மறையவில்லை. அந்தத் தலைச்சீராவோடு பழைய தட்டுகளின் மறுபதிப்புகள் இன்றும் வெளிவருகின்றன.