வெங்காயப் பட்டறையும் எழுத்துப் பட்டறையும்



கல்லூரி நாட்களில் என் பெயர் அச்சில் வந்தது ஹால் டிக்கெட்டில் மட்டும்தான். அப்படிப்பட்டவன் புத்தகம் எழுதுகிறேன் என்றால் விடுதி நண்பர்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள், ஆனால் இதைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்!

என் ஊர் செட்டிகுளம். மலைமேல் கரும்பு ஏந்திய தண்டாயுதபாணி, கீழே வயலெல்லாம் சின்ன வெங்காயம். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமிக்கும் பட்டறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத ஆசைப்பட்டேன். தனியாக உட்கார்ந்து இரண்டு முறை தொடங்கினேன். இரண்டு முறையும் முப்பது பக்கத்தோடு வண்டி நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான துறையூரின் பழைய கதை ஒன்று எனக்குத் தெரிய வந்தது.

எங்களுக்கு மேற்கே இருக்கும் துறையூரிலிருந்து 'கிராம ஊழியன்' என்றொரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அரசியல் பத்திரிகையாக இருந்த அது 1943-இல் இலக்கியப் பக்கம் திரும்பியது. அதை நடத்தியவர்களில் ஒருவர் திருலோக சீதாராம். 1917-இல் நம் பெரம்பலூர் பக்கத்துத் தொண்டமாந்துறையில் பிறந்தவர். ஆசிரியப் பொறுப்பில் அவரோடு சேர்ந்தவர் மணிக்கொடி எழுத்தாளர் கு.ப.ரா.

கு.ப.ரா. பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. கண்புரையால் சிலகாலம் பார்வை இழந்திருந்தபோது, அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். அந்தத் தங்கையும் பிறகு எழுத்தாளரானார்! கும்பகோணத்தில் கு.ப.ரா.வைச் சுற்றி இளைஞர்கள் கூடினார்கள். தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் எல்லாம் அப்போது இருபது வயதுப் பையன்கள். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. அவரோடு பேசிப் பழகியே எழுத்தைக் கற்றார்கள்.

1944 ஏப்ரல் 27 அன்று, 42 வயதில் கு.ப.ரா. காலமானார். குரு போனார், கூட்டம் கலைந்தது என்று கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. அதே ஆண்டில் வல்லிக்கண்ணன் துறையூர் வந்து சேர்ந்தார். 1947 வரை பத்திரிகையைத் தாங்கினார். ஜானகிராமனின் முதல் நாவல் 'அமிர்தம்' தொடராக வெளிவந்ததும் கிராம ஊழியனில்தான். பிற்காலத்தில் ஜானகிராமன், வெங்கட்ராம், வல்லிக்கண்ணன் மூவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள்.

திருலோக சீதாராம் பிறகு திருச்சியில் 'சிவாஜி' இதழை நடத்தினார். 1953-இல் அதில் ஓர் இளைஞரின் முதல் கதை வந்தது. அந்த இளைஞர்தான் பின்னாளில் சுஜாதா. அவரும் நம்மைப் போல இன்ஜினீயர்தான்!

இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. நான் தனியாக முட்டிக்கொண்டதுதான் தப்பு. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு வங்கி ஊழியர், வெங்காயம் போடும் என் மச்சான், நான் என நாலு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடினோம். ஒருவர் எழுதியதை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் என் அத்தியாயத்தை வாசித்தேன். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாம் கணக்கோடு இருந்தது. மச்சான் கேட்டான்: "எல்லாம் சரி மாப்ளே, பட்டறை கட்டுன ஒன் பெரியப்பா எங்க?"

சுருக்கென்றது. உண்மைதானே! கம்பு எப்படி நடுவது, கூரை எப்படி வேய்வது என்று எனக்குச் சொன்னவரே பெரியப்பாதான். அவர் பெயரே அதில் இல்லை. அடுத்த வாரமே நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போய் உட்கார்ந்தேன். நாலைந்து தடவை பேசியிருப்போம். சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அன்றைக்குக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது. அந்த வருத்தமும் ஆறுதலும் சேர்ந்துதான் இப்போது என்னை எழுத வைக்கின்றன. ஏழு அத்தியாயம் முடிந்திருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார், ஒரு பாட்டி இருப்பார். நாலு பேர் சேருங்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு மேசை போதும். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள், திட்டினால் கோபப்படாதீர்கள். அடுத்த மலரில் உங்கள் எழுத்தை நான் படிக்க வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி!