பாலத்தின் நடுவே வந்த எல்லை



எந்த வாசலில் எந்தப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், அயல்நாட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்னும் விதிகளெல்லாம் வசதி படைத்த சுற்றுப்பயணிகளுக்கு உரியவை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் கதையைப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. இத்தகைய விதிகளே பல குடும்பங்களைச் சேர்த்தும் பிரித்தும் வைத்தன. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்த காலத்தில் இந்தியாவும் மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. 1933-ஆம் ஆண்டில் மலாயாவில் அந்நியர் சட்டம் வந்தபோது, அது சீனாவிலிருந்து வந்தவர்களைக் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அவர்களை அது தொடவில்லை. தடை இந்தியாவின் பக்கத்திலிருந்து வந்தது. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி, உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிறுத்தியது. சொந்தச் செலவில் வந்தவர்கள் அதன் பின்னரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் நிலைமை இன்னும் எளிதாக இருந்தது. 1909-இல் ரயில் பாதை ஜொகூர் பாரு வரை வந்தது. அங்கிருந்து நீரிணையைப் படகில் கடக்க வேண்டும். புக்கித் தீமா, பூலாவ் ஊபின் ஆகிய இடங்களிலிருந்து கருங்கல் கொண்டுவந்து கடலை நிரப்பிப் பாலம் அமைத்தார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபரில் பயணிகள் ரயிலும் அதன்மீது ஓடின. 1924 ஜூன் 28-இல் அது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துப் பிளந்தது. ஜப்பானியர் அதைச் சரிசெய்து கடந்தார்கள். போருக்குப் பிறகு, 1946-இல் சிங்கப்பூர் தனிக் காலனி ஆக்கப்பட்டது. ஆயினும் மக்கள் போக்குவரத்து தொடர்ந்தது. அண்ணன் கூலாய்த் தோட்டத்தில் பால் வெட்டுவதும், தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதும், தீபாவளிக்கு இருவரும் ஒரே வீட்டில் கூடுவதும் இயல்பாக இருந்த காலம் அது.

உள்ளே வழி திறந்திருந்தபோது வெளிவாசல் இறுகியது. 1953 ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியாவிலிருந்து வருவோரையும் கட்டுப்படுத்தியது. தனித் திறமை உடையவர்கள், இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள் எனச் சில வகையினருக்கே இடம் கிடைத்தது. ஊருக்குப் போகிறவர் திரும்பி வர வேண்டுமானால் மறுநுழைவு அனுமதி வேண்டும். அதில் எழுதிய தேதிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிலை வந்தது. தாயின் காரியத்துக்குப் போய், நிலத் தகராற்றில் சிக்கி, நாள் கடந்துவிட்டால், இருபது ஆண்டு உழைத்த தோட்டத்துக்குத் திரும்பும் உரிமையே ஆபத்துக்கு உள்ளாகும். ஒரு தேதி ஒரு வாழ்வைத் தீர்மானித்தது.

1957-இல் நாடு விடுதலை அடைந்தது. அந்நாள் முதல் இங்கே பிறந்தவர்கள் சட்டப்படி குடிமக்கள் ஆனார்கள். மற்றவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுத்தறியாமையாலும், பத்திரங்கள் இல்லாமையாலும், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தாலும் தோட்டத்து மக்கள் பலர் விண்ணப்பிக்கவில்லை. அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கியது. 1969-இல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆனபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறின.

இதற்கிடையே பாலத்திலும் கோடு விழுந்தது. 1963 செப்டம்பர் 16-இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. 1965 ஆகஸ்டு 9-இல் பிரிந்தது. 1967 ஜூனில் சிங்கப்பூரும், அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவும் கடப்பிதழ்ச் சோதனையைத் தொடங்கின. அண்ணனும் தம்பியும் இடம் மாறவில்லை. அவர்களுக்கு நடுவே ஓர் எல்லை வந்து நின்றது.

நேயர்களே, நாம் எல்லை எழுப்பிய காலத்துக்குப் பின் ஐரோப்பாவில் எல்லையை அகற்றினார்கள். 1985 ஜூன் 14-இல் லக்சம்பர்க் நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில், மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் உள்ளன. பாரிசில் ரயிலேறி பெல்ஜியத்தில் இறங்கினால் பொதுவாகக் கடப்பிதழைக் கேட்பதில்லை. பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன.

அங்கும் 1953-இன் பாடம்தான்: உள்ளே வேலி இல்லை, வெளிவாசலில் கணக்கு உண்டு. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஒருவர் மார்ச் 1-இல் நுழைந்து மே 29 வரை தங்கினால் 90 நாள் முடிந்துவிடும். ஒரு வாரம் லண்டனுக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. ஆகஸ்டு 28-ஆம் நாள்தான் அவர் மீண்டும் நுழையலாம். 2025 அக்டோபர் 12 முதல் வருகையையும் வெளியேற்றத்தையும் கைரேகை, முகப்படத்துடன் கணினியில் பதியும் முறை படிப்படியாகத் தொடங்கியது. முத்திரை தெளிவாக இல்லை என்று சொல்லித் தப்ப இடமில்லை.

தொலைவில் உள்ள கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் இன்று விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். 2020 மார்ச் 18-இல் பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டபோது, அக்கரையில் தங்கினால் குடும்பத்தைப் பிரிய வேண்டும், இக்கரையில் தங்கினால் வேலையை இழக்க வேண்டும் என்று அவர்கள் தவித்தார்கள். இடையில் சில ஏற்பாடுகள் வந்தபோதிலும், 2022 ஏப்ரல் 1-இல்தான் தரைவழி முழுமையாகத் திறந்தது. சுற்றிப் பார்க்க அளிக்கும் அனுமதி வேறு, வேலை பெர்மிட் வேறு என்பதையும் பிள்ளைகள் மறக்கக் கூடாது. முன்னதை வைத்துக்கொண்டு வேலை செய்தால் தண்டனை உண்டு.

ஆகவே வீட்டில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பிள்ளை பிறந்தவுடன் பிறப்புப் பத்திரம் எடுங்கள். பன்னிரண்டு வயதானதும் அடையாள அட்டை எடுங்கள். இரண்டிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெரியவர் ஊருக்குப் போவதானால், புறப்படுமுன் மறுநுழைவு அனுமதியை உறுதி செய்யுங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் தங்கும் நாட்களை விரல்விட்டு எண்ணி எழுதி வையுங்கள்.

நம் முன்னோரில் பலர் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஒரு தாள் கையில் இல்லாததால் தாங்கள் திருத்திய மண்ணைவிட்டு வெளியேறினார்கள். அந்தத் துன்பம் நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. பத்திரப் பெட்டியை இன்றிரவே ஒருமுறை திறந்து பாருங்கள்.