சீருடைக்குள் நுழைந்த கறுப்பு உடல்: விஜயகாந்தும் கள்ளக்குறிச்சி ஓட்டும்

மதுரையில் அரிசி ஆலைக்காரர் வீட்டில் 1952இல் பிறந்த விஜயராஜ் என்கிற விஜயகாந்த், அரசியலில் தன் உச்சத்தையும் சரிவையும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்தான் கண்டார். 2011இல் ரிஷிவந்தியம் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஐந்தே வருஷம். 2016இல் பக்கத்திலிருக்கும் உளுந்தூர்பேட்டையில், முதலமைச்சர் வேட்பாளர் என்ற அறிவிப்போடு நின்று, மூன்றாம் இடத்துக்குப் போனார். டெபாசிட்டும் போயிற்று.

இதற்கு நம்மிடம் தயார் நிலையில் விளக்கங்கள் இருக்கின்றன. குடி, கோபம், உளறல், குடும்பக் கட்சி. ஓட்டுப் போட்டவனைப் பற்றிய விளக்கம் இன்னும் எளிது: “ரசிகப் பயலுவ, சினிமா பார்த்துட்டுப் போட்டான், அப்புறம் சலிச்சுப் போச்சு.” இந்தப் பேச்சில் உள்ள படித்தவர் நக்கலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் சினிமாவும் அரசியலும் பற்றிக் கா. சிவத்தம்பி எழுதினார், எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளை எப்படித் தன்வசப்படுத்தியது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் புத்தகமே போட்டார். அதற்குப் பிறகு வந்த நடிகர்களை நாம் கேலிச்சித்திரத்தோடு விட்டுவிட்டோம். விஜயகாந்தை வாசிப்பதென்றால் படங்களை மட்டும் வாசித்தால் போதாது. அந்தப் படங்கள் ஓடிய வட்டாரத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1979இல் ‘இனிக்கும் இளமை’யில் வில்லனாக வந்தவர். கவனம் பெற்றது 1981இல். அந்த ஒரே வருஷத்தில் வந்த இரண்டு படங்களில் அவருடைய மொத்த வாழ்க்கையின் முரணும் அடங்கியிருக்கிறது. ஒன்று எஸ்.ஏ. சந்திரசேகரனின் ‘சட்டம் ஒரு இருட்டறை’. சட்டம் கைவிட்டவன் சட்டத்தின் ஓட்டைகளுக்குள்ளேயே புகுந்து பழி வாங்குகிறான். இன்னொன்று ராம. நாராயணன் இயக்கிய ‘சிவப்பு மல்லி’. இது தெலுங்கு ‘எர்ர மல்லெலு’வின் தமிழாக்கம். அந்தத் தெலுங்குப் படத்துக்குப் பின்னால் இருந்தவர் மாதால ரங்காராவ்: நடிகர், தயாரிப்பாளர், இடதுசாரி. நவதரம் பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி வைத்து, செங்கொடிப் படங்களைத் தானே எடுத்து, தானே நடித்தவர். ஆந்திராவில் இயக்கப் பின்புலத்தோடு ஒரு நடிகர்-தயாரிப்பாளர் எடுத்த படத்தைத் தமிழில் எடுத்தது ஏவி.எம். சிவப்பு மட்டும் வந்தது, இயக்கம் வரவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு ஒட்டிக்கொண்ட உடல் கறுப்பு உடல். ரோஸ் பவுடர் அப்பினாலும் வெளுக்காத, ஏர் ஓட்டினால் ஓட்டுகிற மாதிரியே தெரிகிற உடல். அதைத்தான் ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்ற பட்டத்தில் ‘எம்.ஜி.ஆர்.’ என்பதைவிட ‘கறுப்பு’ என்பதுதான் கனமான சொல்.

1984இல் மட்டும் 18 படங்கள் வந்தன. ஒரு மாதத்துக்கு ஒன்றரைப் படம். இவை நகரத்தின் ஏ.சி. தியேட்டர்களை நம்பி எடுத்தவை அல்ல. விநியோகக்காரர்கள் பாஷையில் வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து ‘என்.எஸ்.சி.’ ஏரியா. அதில் பி, சி சென்டர்கள், கீற்றுக் கொட்டகைகள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும் ஊர்கள். மானாவாரிக் காடு, கொஞ்சம் கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சர்க்கரை ஆலை, மீதி நாளுக்குப் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வேலை தேடிப் போகிற பையன்கள். ஒரு வருஷத்தில் 18 படம் நடிக்கிறவனை இவர்கள் நட்சத்திரமாக மட்டுமா பார்த்திருப்பார்கள்? ஓயாமல் வேலைக்குப் போகிறவனாகவும் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நடிகரின் பின்னால் இருந்த தயாரிப்பு முறையையும் சொல்ல வேண்டும். மதுரைக் காலத்து நண்பர் இப்ராகிம் ராவுத்தர்தான் அதன் மூளை. பெரிய ஸ்டுடியோ கதவுகள் திறக்காத திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கு விஜயகாந்த் தேதி கொடுத்தார்: ஆபாவாணனும் அரவிந்தராஜும் ‘ஊமை விழிகள்’ (1986) எடுத்தார்கள், ராவுத்தர் தயாரிப்பில் ஆர்.கே. செல்வமணி ‘புலன் விசாரணை’ (1990) எடுத்தார். படப்பிடிப்பில் நாயகனுக்கு என்ன சாப்பாடோ அதுதான் லைட்மேனுக்கும் என்ற வழக்கத்தைத் திரைத் தொழிலாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆளுக்கொரு தட்டு, தரத்துக்கொரு சோறு என்றிருந்த கோடம்பாக்கத்தில் இது சின்ன விஷயமல்ல. இதை வள்ளல்தன்மை என்று மட்டும் வாசிப்பது போதாது. பந்தியில் சாதி பார்க்கிற ஒரு சமூகத்தில் சமபந்தி என்பது அரசியல் சமிக்ஞை.

ஆனால் இதே இடத்தில்தான் திருப்பமும் நடக்கிறது. ‘ஊமை விழிகள்’ படத்திலேயே அவர் போலீஸ் அதிகாரி. பிறகு ‘புலன் விசாரணை’, ‘மாநகர காவல்’ (1991), ‘ஹானஸ்ட் ராஜ்’ (1994), ‘சேதுபதி ஐ.பி.எஸ்.’ (1994) என்று சீருடை கழலவே இல்லை. சட்டத்துக்கு வெளியே நின்று அதை இருட்டறை என்று சொன்னவன் இப்போது சட்டத்தின் உடல். இருட்டறைக்கு உள்ளே ஒரு நல்லவனை வைத்துவிட்டால் வெளிச்சம் வந்துவிடும் என்பது இந்தப் படங்களின் கதையாடல். அரசு இயந்திரம் கெட்டதல்ல, அதற்குள் இருக்கும் சில ஆட்கள்தான் கெட்டவர்கள். நடுத்தர வர்க்கத்துக்கு இனிக்கிற தத்துவம். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடித்தவனுக்கு அது என்ன செய்தது?

1991 ஏப்ரலில் வந்த அவருடைய 100ஆவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’. செல்வமணி இயக்கம், ராவுத்தர் தயாரிப்பு. ஈழ ஆதரவு கொந்தளித்த நாட்களின் பெயர் தலைப்பில். கதையிலோ நாயகன் இந்திய வனத்துறை அதிகாரி, வேட்டையாடப்படுபவன் வீரப்பன் சாயலில் ஒரு சந்தனக் கடத்தல்காரன். கலகக்காரன் பெயரை அரசு அதிகாரிக்குச் சூட்டிய சாமர்த்தியம்! அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கடத்தலில் கூட்டு என்று படம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் காடு என்பது அதில் வேட்டைக்களம். காட்டில் குடியிருப்பவர்கள் பின்னணிக் கூட்டம்.

படம் வந்து பதினான்கு மாதம் கழித்து, 1992 ஜூன் 20 அன்று, கல்வராயன் மலைக்கு மேற்கே சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற மலையாளிப் பழங்குடி ஊருக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் நுழைந்தன. சந்தனக் கட்டை தேடி என்று சொன்னார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊரே சிறைக்குப் போனது, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படம் பார்த்துத்தான் அதிகாரிகள் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னால் அது அபத்தம். நான் சொல்ல வருவது வேறு: காக்கிக்கு ஒரு நாயக முகம் கிடைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அதே மலைத்தொடரில், காக்கி என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்கும் கண் தமிழ் சினிமாவுக்கு இல்லை. ‘நல்ல அதிகாரி’ என்ற கற்பனை, வாச்சாத்தியைச் சில தனி மனிதர்களின் வக்கிரமாகச் சுருக்கிவிடும் வேலையை முன்கூட்டியே செய்துவைத்தது. 269 பேர் என்பது சில தனி மனிதர்களா?

1992 பொங்கலுக்கு வந்த ‘சின்ன கவுண்டர்’ இன்னொரு பக்கம். ஆர்.வி. உதயகுமாரின் படத்தில் இருப்பது கொங்குப் பகுதியின் கவுண்டர். மரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமை. ஆனால் ‘கவுண்டர்’ என்ற சொல் கள்ளக்குறிச்சிப் பக்கம் வரும்போது வேறு வேலை செய்கிறது. இங்கே வன்னியரும் கவுண்டர், மலை மேலே மலையாளியும் கவுண்டர். கீழே இருந்து படம் பார்த்தவன் அந்தப் பட்டத்தைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ள முடியும். மேலே? கல்வராயனை ஆண்டது சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பிறகும் இந்த மலையில் ஜாகிர் ஆட்சி 1976வரை நீடித்தது. கூலியில்லாத வெட்டி வேலை, வரி, ஜாகிர்தார் சொன்னதே தீர்ப்பு. அவசர நிலைக் காலத்தில்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. (அவசர நிலையைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான தகவல்.) ஆக, மரத்தடித் தீர்ப்பிலிருந்து ஜனங்கள் விடுபட்டுப் பதினாறு வருஷம்கூட முழுசாக ஓடாத ஒரு மலைக்குக் கீழே, மரத்தடித் தீர்ப்பு பொற்காலமாகத் திரையில் ஓடியது. பறையர் தெருவிலிருந்து வந்து அதே படத்தைப் பார்த்தவன் எந்த இடத்தில் விசிலடித்தான் என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

அரசியலுக்கு வந்த வழியை வேகமாகச் சொல்லிவிடலாம். நடிகர் சங்கத் தலைவரானார். வெளிநாட்டு நட்சத்திரக் கலைவிழாக்கள் நடத்திச் சங்கக் கடனை அடைத்தார். 2002 அக்டோபரில் காவிரி நீருக்காகத் திரையுலகம் நெய்வேலியில் திரண்டபோது அவர்தான் சங்கத் தலைவர். நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலம். அதே வருஷம் ஏ.ஆர். முருகதாஸின் ‘ரமணா’. இருபது வருஷத்துக்குப் பிறகு நாயகன் மறுபடி சட்டத்துக்கு வெளியே வருகிறான். லஞ்ச அதிகாரிகளைக் கடத்துகிறான்.

தெலுங்கு நாட்டோடு உள்ள கொடுக்கல் வாங்கல் இங்கே சுவாரஸ்யமானது. ‘சட்டம் ஒரு இருட்டறை’ 1981லேயே தெலுங்குக்குப் போய்ச் சிரஞ்சீவிக்கு ஏணியானது. ‘ரமணா’வும் 2003இல் ‘தாகூர்’ என்று அவரிடமே போனது. சிரஞ்சீவி 2008இல் பிரஜா ராஜ்யம் தொடங்கி, மறுவருஷம் 294இல் 18 இடம் பிடித்து, 2011இல் காங்கிரசில் கரைத்தார். இருவருக்கும் முன்மாதிரி என்.டி. ராமாராவ். அவர் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். ஆனால் ராமாராவுக்கு எதிரே இருந்தது காங்கிரஸ் என்ற ஒற்றைச் சுவர். கையில் இருந்தது ராமன், கிருஷ்ணன் வேஷங்களும் தெலுங்கர் தன்மானமும். விஜயகாந்துக்கு எதிரே இரண்டு கழகங்கள். கடவுள் வேஷமும் கிடையாது. வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பத்திலிருந்து வந்து, தமிழ் தவிர வேறு மொழிப் படத்தில் நேரடியாக நடிக்காதவர். அப்படியும் மொழியை வைத்து அவரைத் தாக்க ஆட்கள் இருந்தார்கள். 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய கட்சியின் பெயரைப் பாருங்கள்: தேசிய முற்போக்கு திராவிட கழகம். யாரையும் பகைத்துக்கொள்ளாத பெயர்.

2006இல் 232 தொகுதிகளில் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். ஜெயித்தது அவர் ஒருவர், விருத்தாசலத்தில். பாட்டாளி மக்கள் கட்சியின் கோட்டை என்று சொல்லப்பட்ட ஊரில், அந்தக் கட்சியிடமிருந்தே பறித்தார். இதுதான் நாம் விளக்க வேண்டிய ஓட்டு. பழைய தென்னாற்காட்டில் ஒரு கட்சி வன்னியர் கட்சி, இன்னொன்று தலித் கட்சி, ரெண்டு கழகமும் உள்ளூர்ப் பெரிய சாதிக்காரர் கையில். ஒருவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும் அவன் தெரு தெரிந்துவிடும். விஜயகாந்த் மன்றக் கொடியில் தெரு தெரியாது. அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, இந்தச் சாதிக்காரர் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாதவர் என்பதாலேயே எல்லாத் தெருப் பையன்களும் ஒதுங்க ஒரு நிழல். சினிமா மயக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. சாதிக் கணக்கிலிருந்து ஒரு நாளாவது வெளியே நிற்கும் ஆசை அது. ரிஷிவந்தியத்தில் அதற்கு மேல் அ.தி.மு.க. கூட்டணி ஓட்டும் சேர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 41இல் 29 ஜெயித்து, 23 வாங்கிய தி.மு.க.வைவிடப் பெரிய கட்சியானார்கள்.

2012 பிப்ரவரியில் பால் விலை, பஸ் கட்டண உயர்வு பற்றிய பேச்சில் சட்டமன்றத்தில் மோதல் வந்தது. பத்து நாள் இடைநீக்கம். பத்திரிகைகள் அவர் விரலையும் நாக்கையும் பற்றி எழுதின. பால் விலை பற்றி எழுதியது குறைவு. பிறகு அவருடைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராக முதலமைச்சரைப் பார்க்கப் போனார்கள், தொகுதி வளர்ச்சிக்காம். சீருடை நாயகனுக்குத் தெரிந்தது ஒரே அரசியல்: தனி ஆள் உள்ளே போய்ச் சரி செய்வது. எதிர்க்கட்சி வேலையோ தனி ஆள் செய்கிற வேலை இல்லை. கிளை, கூட்டம், மனு, மறியல் என்று போகிற வேலை. அந்த இயந்திரத்தை அவர் கட்டவில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார், அவர்களில் மலையாளிப் பழங்குடியினர் பலர். கல்வராயனிலிருந்தும் செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்கள் உண்டு. எதிர்க்கட்சித் தலைவரின் தொகுதிக்கு மேலேயே இருக்கிற மலை அது. ‘கேப்டன் பிரபாகரன்’ கதையில் இவர்கள் எந்தப் பக்கம்? கடத்தல்காரன் பக்கம்.

2016இல் உளுந்தூர்பேட்டையில் அவர் நின்றது மக்கள் நலக் கூட்டணியோடு. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் கூட இருந்தார்கள். ‘சிவப்பு மல்லி’யின் நாயகனும் செங்கொடியும் முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரே மேடையில்! கூட்டணிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. தே.மு.தி.க. ஓட்டு இரண்டரை சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கட்சி உடைந்ததும், தலைவர் உடல் நலிந்ததும் காரணம்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் இன்னொரு காரணத்தையும் பேச வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாதவர் தலித் கட்சியோடு கை கோத்து நின்ற உடனே, அவருக்கும் ஒரு தெரு வந்துவிட்டது. நிழல் என்று ஒதுங்கியவர்களில் ஊர்த் தெருக்காரர்கள் தங்கள் பழைய கொடிகளுக்குத் திரும்பினார்கள் என்றே நினைக்கிறேன். சேரிக்காரர்கள் நம்பி வருவதற்கும் முப்பது வருஷப் படங்களில் போதுமான காரணம் இல்லை.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது சென்னைக்குக் கூட்டம் திரண்டது. டெபாசிட்டைப் பறித்த உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலும் ஆட்கள் அழுதிருப்பார்கள், சந்தேகமில்லை. அந்த நாட்களில் பேசியவர்கள் அவருடைய போலீஸ் வேஷங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. சோறு போட்டதைத்தான் பேசினார்கள்.